ஆனையிறவும் பலாலியும்: குடாநாட்டின் இரண்டு வாசல்கள்

கொழும்பிலிருந்து இரவு பஸ்ஸில் ஊருக்கு வரும் எங்களுக்கு விடியப்புறம் வீட்டிலிருந்து ஒரு அழைப்பு வரும். "ஆனையிறவு தாண்டியாச்சோ?" அம்மா கேட்பார், இல்லாவிட்டால் பெரியம்மா கேட்பார். வவுனியாவையோ கிளிநொச்சியையோ பற்றி ஒருவரும் கேட்பதில்லை. ஆனையிறவு தாண்டிவிட்டால் பிள்ளை வீட்டுக்கு வந்த மாதிரி. எங்கள் வீட்டில் அந்தப் பதில் கிடைத்த பிறகுதான் தேத்தண்ணிக்குக் கேத்தில் அடுப்பில் ஏறும்.

இந்தக் கேள்வி சும்மா பழக்கத்தில் வந்ததல்ல. கால் நூற்றாண்டுக்கு மேல் நீடித்த யுத்தத்தில் யாழ்ப்பாணத்தை மையமாக வைத்து நடந்த பெரிய சமர்களை ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துப் பார்த்தால், முக்கால்வாசி நகரத்துக்குள் நடக்கவில்லை. குடாநாட்டுக்குள் எப்படிப் போவது, எப்படி வெளியேறுவது என்பதற்காகவே நடந்தன. அந்தப் போக்குவரத்தை யார் பிடித்து வைத்திருக்கிறார்களோ அவர்கள் தீர்மானித்தபடிதான் உள்ளே இருந்த நாங்கள் விளக்கெரித்தோம், படகேறினோம், இடம்பெயர்ந்தோம். சமர்களின் பெயரும் திகதியும் பலருக்கு மனப்பாடம். ஆனால் அவை ஏன் திரும்பத் திரும்ப அதே நாலைந்து இடங்களில் நடந்தன என்பதை இப்போதைய பிள்ளைகளுக்கு விளங்கப்படுத்த ஆள் குறைவு. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் நிலத்தைப் பார்ப்போம். குடாநாட்டுக்கு வடக்கிலும் கிழக்கிலும் கடல், தெற்கே பரவைக்கடல். பெருநிலத்தோடு அதைத் தொடுப்பது தென்கிழக்கு மூலையில் உள்ள ஒடுங்கிய கழுத்துத்தான். அந்தக் கழுத்தில் உப்பு நீரேரிக்கு நடுவே போட்ட தாம்போதியில் ஏ9 வீதியும் ரயில் பாதையும் போகின்றன. அதுதான் ஆனையிறவு. ஒல்லாந்தர் காலத்திலேயே அங்கே ஒரு சிறு கோட்டை இருந்தது. கிழக்கே கடற்கரையோரமாகச் சுண்டிக்குளம் வழியாக ஒரு மணல் பட்டி உண்டு. மேற்கே பூநகரி. சங்குப்பிட்டியிலிருந்து கேரதீவுக்கு நீர் தாண்டினால் குடாநாட்டின் தென்கிழக்குப் பகுதியான தென்மராட்சிக்கு வந்துவிடலாம். நடுவில் கிளாலிப் பரவைக்கடல். தரையால் வர நினைப்பவனுக்கு இவ்வளவுதான் வழி.

இன்னொரு வாசல் வடக்கில் இருக்கிறது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் பிரித்தானியர் அமைத்த பலாலி ஓடுபாதையும், அதற்குப் பக்கத்தில் காங்கேசன்துறைத் துறைமுகமும். கழுத்தை யார் நெரித்தாலும் இந்த வாசல் திறந்திருக்கும்வரை உள்ளே இருக்கும் படைக்கு ஆளும் அரிசியும் எறிகணையும் வந்துகொண்டே இருக்கும். என் கணிப்பில், யாழ்ப்பாணத்துச் சமர்கள் எல்லாவற்றையும் விளங்கிக்கொள்ள உதவும் உண்மை ஒன்றுதான்: விடுதலைப் புலிகள் ஆனையிறவை எடுத்தார்கள், பலாலியை எடுக்கவே இல்லை.

1983 ஜூலை 23 இரவு யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் புலிகள் நடத்திய பதுங்கித் தாக்குதலில் 13 இராணுவத்தினர் கொல்லப்பட்டார்கள். அதன்பின் தெற்கில் தமிழர்களுக்கு நடந்தது உலகம் அறிந்தது. அடுத்த நான்கு வருடத்தில் இராணுவம் குடாநாட்டில் முகாம்களுக்குள் ஒதுங்கிப்போனது. கோட்டை, பலாலி, நாவற்குழி, ஆனையிறவு என்று தனித்தனித் தீவுகள். 1987 மே 26 இல் குடாநாட்டின் வடகிழக்குப் பகுதியில் இராணுவம் தொடங்கிய வடமராட்சி நடவடிக்கைதான் குடாநாட்டில் நடந்த முதல் பெரிய படையெடுப்பு. வடமராட்சி விழுந்தது. ஜூன் 4 இல் இந்திய விமானங்கள் வானத்திலிருந்து உணவுப் பொதி போட்டன. ஜூலை 5 இல் நெல்லியடி மத்திய மகா வித்தியாலயத்தில் இருந்த முகாமுக்குள் வெடிமருந்து லொறி ஒன்று புகுந்தது. அதுதான் புலிகளின் முதலாவது கரும்புலித் தாக்குதல், அதாவது தற்கொலைத் தாக்குதல். அந்த மாதம் 29 இல் இந்திய-இலங்கை ஒப்பந்தம், அதோடு இந்திய அமைதிப்படை.

அமைதிப்படை வந்ததும் பலாலி வாசலால்தான். ஒக்டோபரில் அவர்களுக்கும் புலிகளுக்கும் சண்டை மூண்டபோது, புலிகளின் தலைமையைப் பிடிப்பதற்காக யாழ் பல்கலைக்கழக மைதானத்தில் இரவோடிரவாகக் ஹெலியில் ஆட்களை இறக்கினார்கள். சீக்கிய காலாட்படைப் பிரிவினர் 30 பேர் இறங்கினார்கள், உயிரோடு மிஞ்சியவர் ஒருவர். அதற்குப் பிறகு பலாலியிலிருந்தும் மற்றப் பக்கங்களிலிருந்தும் வீதி வீதியாக நகர்ந்து இரண்டு கிழமையில் நகரத்தைப் பிடித்தார்கள். அந்த இரண்டு கிழமைக்குள்தான் தீபாவளி வந்தது. ஒக்டோபர் 21, 22 இல் யாழ் ஆஸ்பத்திரிக்குள் நோயாளரும் வைத்தியர்களும் தாதியரும் ஊழியர்களுமாக அறுபது பேருக்கு மேல் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். சமர்களைப் பட்டியல் போடுகிறவர்கள் இதைச் சமரோடு சேர்ப்பதில்லை. எங்கள் ஊரில் 'இந்தியன் ஆமிக் காலம்' என்று ஒருவர் தொடங்கினால் முதலில் வாயில் வருவது இதுதான்.

1990 மார்ச்சில் அமைதிப்படை கப்பலேறியது. ஜூனில் மறுபடி சண்டை. இங்கே கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும், ஏனென்றால் அடுத்த பன்னிரண்டு வருட வாழ்க்கையின் அச்சு இந்த மாதங்களில்தான் வார்க்கப்பட்டது. கொழும்பு ரயில் நின்றது. மின்சாரம் நின்றது. வலிகாமம் வடக்கில் பலாலி முகாமைச் சுற்றியிருந்த ஊர்கள், மயிலிட்டி, கட்டுவன், வசாவிளான் என்று, வெறிச்சோடின. நகரத்தின் நடுவே, பண்ணைக் கடலோரம், ஒல்லாந்தர் கட்டிய ஐங்கோணக் கோட்டைக்குள் ஒரு சிறு படை அகப்பட்டுக்கொண்டது. புலிகள் சுற்றிவளைத்தார்கள். வானத்திலிருந்து குண்டு, கோட்டைக்குள்ளிருந்து ஷெல். ஆஸ்பத்திரி அந்த வீச்சுக்குள்ளேயே இருந்தது. செப்டெம்பரில் மண்டைதீவிலிருந்து கடல் தாண்டி ஒரு படை வந்து கோட்டைக்குள் நுழைந்தது. ஆனால் வைத்திருக்க முடியவில்லை. செப்டெம்பர் 26 இல் விட்டுவிட்டுப் போனார்கள். வழங்கல் வாசல் இல்லாத முகாம், எவ்வளவு தடித்த மதிலாக இருந்தாலும், நிலைக்காது என்று இரண்டு தரப்பும் அங்கே படித்தன.

அதே வருடம் ஒக்டோபர் 30 இல் யாழ்ப்பாண முஸ்லிம்களைச் சில மணித்தியால அவகாசத்தில் புலிகள் வெளியேற்றினார்கள். கையில் கொஞ்சக் காசு, உடுத்த உடுப்பு, அவ்வளவுதான். அந்தமாதம் வடமாகாணம் முழுவதிலுமிருந்து துரத்தப்பட்டவர்கள் ஏறத்தாழ 75,000 பேர். சோனகத் தெருவின் வீடுகள் பூட்டியபடி கிடந்தன. வாசலைப் பற்றி எழுதும்போது, எங்களுடைய வாசலால் எங்களோடு வாழ்ந்த சனத்தை வெளியே தள்ளியதையும் எழுதத்தான் வேண்டும். எனக்கு இதில் இரண்டாவது கருத்து இல்லை.

கோட்டை விழுந்த பிறகு கழுத்தின் முறை வந்தது. 1991 ஜூலை 10 இல் புலிகள் ஆனையிறவு முகாமைத் தாக்கினார்கள். ஆகாய கடல் வெளிச் சமர் என்று அவர்கள் பெயர் வைத்தார்கள். அதுவரை கரந்தடிப் படையாக இருந்தவர்கள் வெளியில் நின்று மரபுவழியில் மோதிய முதல் பெரிய சண்டை அது. ஆனையிறவைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: உப்புவெளி, மறைவதற்கு ஒரு பற்றை கிடையாது. ஆகவே மண் மூட்டைகளை அடுக்கி உருட்டி நகர்த்தினார்கள், புல்டோசருக்கு இரும்புத் தகடு அடித்துக் கவச வண்டியாக்கினார்கள். அப்படி வந்த ஒரு வண்டியில் பாய்ந்தேறிக் கைக்குண்டோடு வெடித்துச் சிதறிய காமினி குலரத்ன என்ற சிப்பாய் தெற்கில் இன்றைக்கும் வீரனாகப் போற்றப்படுகிறார். முகாமுக்குள் இருந்தவர்கள் தாங்கிக்கொண்டிருந்த வேளையில் இராணுவம் கிழக்குக் கடற்கரையில் வெற்றிலைக்கேணியில் பெரும்படையை இறக்கியது. அங்கிருந்து ஆனையிறவுக்கு ஏறத்தாழ 12 கிலோமீற்றர். அந்தத் தூரத்தை அவர்கள் கடக்க இரண்டு கிழமைக்கு மேல் எடுத்தது. புலிகள் தரப்பில் மட்டும் ஐந்நூறுக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். முகாம் விழவில்லை.

ஆனால் பாதையும் திறக்கவில்லை. முகாம் இராணுவத்திடம், அதற்கு இரண்டு பக்கமும் புலிகள். குடாநாட்டுச் சனத்துக்கு ஏ9 மூடியாயிற்று. கொம்படி, ஊரியான் என்று சேற்றுக்குள்ளால் கொஞ்சக்காலம் போனார்கள். அதுவும் அடைபட்ட பிறகு மிஞ்சியது கிளாலி.

கிளாலியைப் பற்றிச் சொல்லாமல் யாழ்ப்பாணத்து யுத்தத்தைப் பேச முடியாது. இரவில்தான் பயணம். கரையில் சைக்கிளும் பெட்டியும் கோழிக்கூடுமாகச் சனம் குந்தியிருக்கும். ஒரு படகுக்கு மட்டும் இயந்திரம், அதன் பின்னால் கயிற்றில் தொடுத்த நாலைந்து படகுகள். விளக்குக் கொளுத்தக் கூடாது, பீடி பற்றவைக்கக் கூடாது. பிள்ளை அழுதால் தாய் நெஞ்சோடு அமுக்கிப் பிடிப்பாள். மேற்கே நாகதேவன்துறையில் கடற்படை முகாம், கிழக்கே ஆனையிறவு. எந்தப் பக்கத்திலிருந்தும் வெளிச்சம் தெரிந்தால் ஓட்டி இயந்திரத்தை நிற்பாட்டிவிடுவார். அப்போது கேட்பது பலகையில் தண்ணி அடிக்கும் சத்தமும் யாரோ ஒருவர் முணுமுணுக்கும் தேவாரமும் மட்டும். 1993 ஜனவரி 2 இரவு அப்படி வந்த படகுகளைக் கடற்படை மறித்து வெட்டியும் சுட்டும் சனத்தைக் கொன்றது. அதற்கு அடுத்த இரவுகளிலும் சனம் படகேறத்தான் செய்தது. கொழும்பு ஆஸ்பத்திரிக்குக் கடிதம் கிடைத்தவர், வெளிநாட்டு மாப்பிள்ளைக்குப் பேசி முடித்த பெண், சம்பளம் எடுக்கப்போன ஆசிரியர் என்று அவரவர்க்கு ஒரு காரணம் இருந்தது.

உள்ளே வாழ்க்கை எப்படி நடந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். பெற்றோல், பற்றரி, உரம், சீமெந்து எல்லாம் தடை. மண்ணெண்ணெய் யானை விலை. ஜாம் போத்தலுக்குள் ஒரு சின்னத் திரி, அடியில் கொஞ்சம் எண்ணெய், போத்தலே சிமினி. ஒரு தலைமுறை உயர்தரம் படித்தது அந்த வெளிச்சத்தில். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவர் மிதிக்க, டைனமோவில் வானொலிச் செய்தி கேட்டார்கள். மோட்டார்சைக்கிளைக் கண்ணுக்கு மருந்து விடும் போத்தலில் நாலு சொட்டுப் பெற்றோல் விட்டுக் கிளப்பி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். இவற்றை இன்றைக்குச் சிலர் யாழ்ப்பாணத்தாரின் கெட்டித்தனம் என்று சிரித்தபடி சொல்வார்கள். கெட்டித்தனம்தான். ஆனால் இன்சுலினுக்கு ஜாம் போத்தலில் மாற்று இருக்கவில்லை.

கிளாலியை அடைக்க இராணுவம் 1993 செப்டெம்பர் 28 இல் ஆனையிறவிலிருந்து யாழ்தேவி என்ற நடவடிக்கையைத் தொடங்கியது. கிளாலிக் கரைவரை வந்து, படகுகளை உடைத்துவிட்டு, இழப்போடு திரும்பிப்போனது. ஓடாமல் கிடந்த எங்கள் ரயிலின் பெயரை ஒரு படையெடுப்புக்கு வைத்தது அந்நேரம் பலருக்கு உறுத்தியது. நவம்பர் 11 இல் புலிகள் பூநகரி–நாகதேவன்துறைக் கூட்டுத்தளத்தை தரையாலும் நீராலும் ஒரே நேரத்தில் தாக்கினார்கள். தவளை என்பது அதற்கு அவர்கள் வைத்த பெயர். இராணுவத்தினர் நூற்றுக்கணக்கில் இறந்தார்கள், இரண்டு ரி-55 டாங்கிகள் புலிகளின் கைக்குப் போயின. தளத்தை நிரந்தரமாக அவர்கள் வைத்திருக்கவில்லை. ஆனாலும் கிளாலிப் பயணத்தின் கழுத்தில் இருந்த பிடி கொஞ்சம் தளர்ந்தது.

1995 இன் தொடக்கத்தில் ஒரு போர்நிறுத்தம். ஏப்ரல் 19 இல் திருகோணமலையில் இரண்டு கடற்படைக் கப்பல்களைப் புலிகள் மூழ்கடித்ததோடு அது முடிந்தது. அந்த மாதக் கடைசியில் பலாலிக்குப் பக்கத்தில் விமானப்படையின் இரண்டு அவ்ரோ விமானங்கள் சுட்டு வீழ்த்தப்பட்டன. பலாலி வாசலை உண்மையாகவே அடைக்கும் நிலைக்குப் புலிகள் மிகக் கிட்டப்போன நேரங்களில் இது ஒன்று என்று நினைக்கிறேன். வானம் அடைபட்டால் கடல் மட்டும், கடலில் கடற்புலிகள். கொழும்பு அவசரப்பட்டதற்கு இதுவும் காரணம். ஜூலை 9 இல் முன்னேறிப் பாய்தல் என்ற இராணுவ நடவடிக்கை தொடங்கியது. அன்று பின்னேரம் நவாலி சென். பீற்றர்ஸ் தேவாலயத்தில் தஞ்சமடைந்திருந்த சனத்தின் மேல் விமானக் குண்டு விழுந்தது. இறந்தவர்கள் நூறுக்கு மேல். செப்டெம்பர் 22 இல் வடமராட்சி கிழக்கில் உள்ள நாகர்கோவில் மகா வித்தியாலயப் பிள்ளைகள் அதேமாதிரி விமானக் குண்டில் இறந்தார்கள்.

ஒக்டோபர் 17 இல் சூரியக்கதிர். இந்தப் படையெடுப்பின் கெட்டித்தனம் அது தெரிவுசெய்த பாதையில் இருந்தது. பலாலியிலிருந்து நேரே தெற்கே இறங்கினால் சந்திக்குச் சந்தி, வீட்டுக்கு வீடு சண்டை. அதை விட்டுவிட்டுக் கிழக்கு ஓரமாக, அச்சுவேலி, புத்தூர், நீர்வேலி என்று தோட்டவெளிகளால் வந்தார்கள். வலிகாமத்தையும் தென்மராட்சியையும் தொடுப்பது கோப்பாய்–கைதடி வீதியும் நாவற்குழிப் பாலமும்தான். அந்த இரண்டையும் வெட்டினால் நகரம் தானாக விழும். குடாநாட்டுக்குள்ளேயும் ஒரு கழுத்து இருந்தது, அதை அவர்கள் சரியாகக் கண்டுபிடித்திருந்தார்கள்.

புலிகளும் அதைக் கண்டார்கள். ஒக்டோபர் 30 பின்னேரம் ஒலிபெருக்கி பூட்டிய வாகனங்கள் தெருத்தெருவாக வந்தன. எல்லோரும் உடனே தென்மராட்சிக்கு வெளியேற வேண்டும். நாலு இலட்சத்துக்கு மேற்பட்ட சனம் ஓரிரவில் நாவற்குழிப் பக்கம் திரும்பியது.

எனக்கு அப்போது ஒன்பது வயது. அப்பா சைக்கிளை உருட்ட, பின் கரியரில் அப்பம்மா. நான் ஹாண்டிலைப் பிடித்தபடி. நல்லூரிலிருந்து நாவற்குழிப் பாலத்துக்கு மிதித்தால் அரை மணித்தியாலம், நாங்கள் பாலத்தில் கால் வைத்தபோது அடுத்தநாள் மத்தியானம். செம்மணி வெளியில் மழை பிடித்தது. ஒதுங்க மரம் இல்லை, திரும்ப இடம் இல்லை, முன்னால் போகிறவரின் முதுகு நகர்ந்தால் ஒரு அடி வைக்கலாம். தாகத்துக்குக் குடையைத் தலைகீழாகப் பிடித்து மழைத்தண்ணியை ஏந்திக் குடித்தோம். அப்பம்மா வழிமுழுக்க ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டு வந்தார்: "ஆட்டை அவிட்டுவிட்டனியே?" அப்பா ஒவ்வொரு தரமும் "ஓமம்மா" என்றார். அவிழ்க்கவில்லை என்று மிருசுவிலில் வைத்து அம்மாவிடம் சொன்னதை நான் கேட்டேன்.

டிசம்பர் தொடக்கத்தில் நகரம் இராணுவத்திடம் போனது, கோட்டையில் சிங்கக்கொடி ஏறியது. அவர்கள் பிடித்தது ஆளில்லாத நகரம். 1996 ஏப்ரலில் அடுத்த கட்டமாகத் தென்மராட்சிக்குள் வந்தபோது சனம் இரண்டாகப் பிரிந்தது. ஒரு பகுதி கிளாலியால் வன்னிக்கு, பெரும்பகுதி திரும்பி வலிகாமத்துக்கு. மேயில் வடமராட்சியும் முடிந்தது. நாங்கள் திரும்பிப்போனோம். வீட்டுக்கு ஓடு இருந்தது, கதவு இருக்கவில்லை. அதே வருடம் செப்டெம்பரில் செம்மணிச் சென்றியில் மறிக்கப்பட்ட கிருசாந்தி குமாரசுவாமி என்ற பள்ளி மாணவியும் அவரைத் தேடிப்போன தாயும் தம்பியும் அயலவரும் கொல்லப்பட்டதும், அந்த வழக்கிலிருந்து செம்மணிப் புதைகுழிகள் பற்றிய செய்தி வெளிவந்ததும், பிடிபட்ட நகரத்தில் வாழ்வது எப்படி இருந்தது என்பதற்குச் சாட்சி.

இப்போது நிலைமை தலைகீழ். உள்ளே இராணுவம், கழுத்துக்கு வெளியே புலிகள். குடாநாட்டில் இருந்த பல பத்தாயிரம் படையினருக்கும் ஐந்து இலட்சம் சனத்துக்கும் எல்லாம் கடலாலும் வானாலும் வரவேண்டும். அதனால்தான் 1997 மே 13 இல் ஜெயசிக்குறு தொடங்கியது. வவுனியாவிலிருந்து ஏ9 ஐத் திறந்துகொண்டு கிளிநொச்சிவரை போவது நோக்கம். ஒன்றரை வருடம் இழுத்தும் பாதை திறக்கவில்லை. 1996 ஜூலையில் முல்லைத்தீவு முகாமை இழந்தபோதும், 1998 செப்டெம்பரில் கிளிநொச்சியை இழந்தபோதும் இராணுவத்துக்கு விழுந்த அடி பெரியது. அவை வன்னியின் கதை, இங்கே விரிக்கவில்லை. 1999 நவம்பரில் புலிகளின் ஓயாத அலைகள் மூன்று என்ற நடவடிக்கை தொடங்கிச் சில நாட்களிலேயே இராணுவம் வருடக்கணக்கில் பிடித்த இடங்கள் மடமடவென்று விழுந்தன. டிசம்பரில் புலிகள் வெற்றிலைக்கேணிக்கும் பரந்தனுக்கும் வந்துவிட்டார்கள்.

ஆனையிறவு இப்போது 1991 இல் இருந்த சிறு முகாம் அல்ல. இயக்கச்சி, பளைவரை பரந்த கூட்டுத்தளம், ஒரு டிவிசன் படை. நேரே மோதி எடுக்க முடியாது என்று பேசிக்கொண்டார்கள். அது சரியும்கூட. 2000 மார்ச் 26 இரவு, பால்ராஜின் தலைமையில் ஆயிரத்துச் சொச்சம் போராளிகள் கடலால் சுற்றிவந்து வடமராட்சி கிழக்கில் குடாரப்பு–மாமுனைக் கரையில் இறங்கினார்கள். நீரேரியையும் சேற்றையும் நடந்து கடந்து இத்தாவிலில் ஏ9 இன் மேல் குந்திக்கொண்டார்கள். வடக்கே முகமாலையிலிருந்தும் தெற்கே பளையிலிருந்தும் டாங்கி, ஷெல், விமானம் எல்லாம் அந்தச் சின்னப் பெட்டிக்குள் விழுந்தன. ஒரு மாதத்துக்கு மேல் அசையவில்லை. யாழ்ப்பாணத்தில் நாங்கள் இரவில் முற்றத்தில் நின்று கிழக்கு வானம் சிவப்பதைப் பார்த்தோம், யன்னல் கண்ணாடி நடுங்கியதைத் தொட்டுப் பார்த்தோம்.

ஆனாலும் ஆனையிறவை வீழ்த்தியது தண்ணி என்றுதான் சொல்லவேண்டும். உப்புவெளியில் நல்ல தண்ணி இல்லை. முகாமுக்கான குடிநீர் இயக்கச்சிக் கிணறுகளிலிருந்து வந்தது. இயக்கச்சி விழுந்தது. சித்திரை வெயில், பல்லாயிரம் ஆட்கள், காயப்பட்டவர்கள். ஏப்ரல் 22 இல் தளத்தைக் கைவிட்டுக் கிளாலிக் கரையோரமாக நடந்து பின்வாங்கினார்கள். அந்த நடையில் வெயிலும் தாகமும் தாங்காமல் விழுந்து செத்தவர்களும் உண்டு. பிரிகேடியர் பேர்சி பெர்னாண்டோ பின்வாங்கும்போது கொல்லப்பட்டார். தெற்கில் எங்கோ ஒரு வீட்டில் அந்தச் சிப்பாய்களுக்கும் ஒரு தாய் கேத்தில் வைத்துக் காத்திருந்திருப்பாள். இதை எழுத எனக்குத் தயக்கம் இல்லை.

ஆனையிறவு விழுந்தால் யாழ்ப்பாணம் விழும் என்று எல்லோரும் நம்பினார்கள். மே மாதத்தில் புலிகள் சாவகச்சேரிக்கு வந்தார்கள், கைதடி, அரியாலை, கொழும்புத்துறை ஓரம்வரை வந்தார்கள். சனம் மறுபடி மூட்டை கட்டியது. ஆனால் நகரம் விழவில்லை. ஏன்? பலாலிதான் பதில். கழுத்து அறுந்தபோதும் ஓடுபாதை இயங்கியது. இந்தியா படை அனுப்ப மறுத்தது. கொழும்பு இஸ்ரேலோடு உறவைப் புதுப்பித்துக் கிபீர் விமானங்களை வாங்கியது, பாகிஸ்தானிலிருந்து பல்குழல் எறிகணைகளை எடுத்தது. இராணுவத் தளபதிகளான ஜானக பெரேராவும் சரத் பொன்சேகாவும் கட்டளைக்கு வந்தார்கள். ஒரே மூச்சில் குண்டுகளை அள்ளிக் கொட்டும் மல்ரிபரல் சத்தத்தை நாங்கள் முதன்முதலில் கேட்டது அந்த மாதங்களில்தான். பலாலிமேல் ஷெல் அடிக்கும் தூரத்துக்குப் புலிகள் வந்தார்கள். அதை மூடும் அளவுக்கு ஆளோ குண்டோ அவர்களிடம் இருக்கவில்லை. செப்டெம்பரில் இராணுவம் சாவகச்சேரியைத் திரும்பப் பிடித்தபோது அங்கே பிடிப்பதற்கு நகரம் என்று ஒன்று மிஞ்சவில்லை. சந்தைக் கட்டடம் எலும்புக்கூடு, பனைகளுக்குத் தலையில்லை.

அதற்குப் பிறகு முன்னரங்கு முகமாலை–எழுதுமட்டுவாள்–நாகர்கோவில் கோட்டில் உறைந்தது. 2001 ஏப்ரல் 25 இல் இராணுவம் அக்கினி கீல என்ற பெயரில் அந்த முன்னரங்கை உடைத்து ஆனையிறவுக்குப் போகப் பார்த்தது. எதிரே புலிகள் கண்ணிவெடி விதைத்து, தூரம் அளந்து, ஆட்லறி குறிவைத்துக் காத்திருந்தார்கள். மூன்று நாளில் முடிந்தது. இராணுவம் வைத்த பெயரையே புலிகள் தமிழாக்கித் தீச்சுவாலை என்று தங்கள் வெற்றிக்கு வைத்தார்கள். இரண்டு பக்கமும் களைத்துப்போயிருந்தது என்பதற்கு அடுத்த பிப்ரவரி 22 இல் வந்த போர்நிறுத்த ஒப்பந்தமே சாட்சி. 2002 ஏப்ரலில் ஏ9 திறந்தது. பன்னிரண்டு வருடம் பார்க்காத அக்காவும் தம்பியும் முகமாலைச் சோதனைச்சாவடியில் கட்டிப்பிடித்து அழுததை நேரில் கண்டவர்கள் இன்னும் ஊரில் இருக்கிறார்கள்.

நாலு வருடம் நாலு மாதம். 2006 ஆகஸ்ட் 11 பின்னேரம் முகமாலையில் ஷெல் விழுந்தது, பாதை மூடியது, பூநகரியிலிருந்து புலிகளின் ஆட்லறி பலாலிமேல் விழுந்தது, மண்டைதீவிலும் அல்லைப்பிட்டியிலும் இறங்கினார்கள். ஆகஸ்ட் 13 இல் அல்லைப்பிட்டித் தேவாலயத்தில் இருந்த சனத்தின் மேல் எறிகணை விழுந்தது. காயப்பட்டவர்களைக் காப்பாற்ற நின்ற பங்குத்தந்தை ஜிம் பிரவுண் அடுத்த கிழமை காணாமல் போனார், இன்றுவரை இல்லை. ஒரு இரவுக்குள் நாங்கள் 1990 க்குத் திரும்பிப்போனோம். அரிசிக்கும் சீனிக்கும் கூட்டுறவுக் கடையில் வரிசை, கப்பலுக்குப் பாஸ், மாலை ஊரடங்கு. இரவில் மோட்டார்சைக்கிள் சத்தம் கேட்டால் விளக்கை அணைத்தோம், ஏனென்றால் காலையில் யாராவது ஒருவரைக் காணவில்லை என்று சைக்கிளில் செய்தி வரும். ஒக்டோபர் 11 இல் இராணுவம் முகமாலையில் முன்னேறி நூறுக்கு மேற்பட்ட ஆட்களை இழந்தது. 2008 ஏப்ரல் 23 இல் மறுபடி அதே வெளியில், அதே மாதிரி.

கடைசியில் கழுத்தின் பூட்டு வடக்கிலிருந்து உடையவில்லை. மேற்குக் கரையால் மன்னாரிலிருந்து மேலே வந்த படை 2008 நவம்பர் 15 இல் பூநகரியைப் பிடித்தது. 2009 ஜனவரி 2 கிளிநொச்சி, ஜனவரி 9 ஆனையிறவு. ஒன்பது வருடத்துக்கு முன் ஒரு மாதம் எரிந்த இடம், இந்தமுறை பெரிய சத்தமில்லாமல் கைமாறியது, ஏனென்றால் அதைக் காக்கவேண்டியவர்கள் கிழக்கே முல்லைத்தீவுப் பக்கம் ஒதுக்கப்பட்டிருந்தார்கள். அவர்களோடு சேர்ந்து இலட்சக்கணக்கான சனமும். முள்ளிவாய்க்காலில் நடந்ததை யாழ்ப்பாணத்தில் இருந்த நாங்கள் பார்க்கவில்லை. தொலைபேசியில் ஒவ்வொரு குரலாக நின்றுபோனதைத்தான் கேட்டோம்.

இப்போது சங்குப்பிட்டிக்கும் கேரதீவுக்கும் இடையே 2011 இல் திறந்த பாலம் இருக்கிறது. கிளாலிப் படகில் ஓர் இரவு எடுத்த பரவைக்கடலை பஸ் இரண்டு நிமிடத்தில் தாண்டுகிறது. 2014 ஒக்டோபரில் யாழ்தேவி மறுபடி யாழ்ப்பாண ஸ்ரேசனுக்கு வந்தது. முகமாலையில் யுத்தம் முடிந்து பதினைந்து வருடத்துக்குப் பிறகும் முகக்கவசம் போட்டுக்கொண்டு, முழங்காலில் நின்று, சாண் சாணாக மண்ணைக் கிளறி மிதிவெடி எடுத்தார்கள். அந்த வேலை செய்தவர்களில் வன்னிப் பெண்கள் அதிகம், கணவனை இழந்தவர்களும் அவர்களுக்குள் இருந்தார்கள்.

வடக்கு வாசல்தான் இன்னும் முழுதாகத் திறக்கவில்லை. 1990 இல் மயிலிட்டியிலிருந்து வெளியேறியவர்களிடம் துறைமுகத்தை 2017 ஜூலையில் கொடுத்தார்கள். 2019 ஒக்டோபரில் பலாலி சர்வதேச விமான நிலையம் ஆனது. ஓடுபாதையைச் சுற்றியுள்ள காணிகளில் ஒரு பகுதி முள்ளுக்கம்பிக்குள்தான். என் நண்பன் ஒருவனின் தகப்பனார் தெல்லிப்பழையில் வாடகை வீட்டில் இருக்கிறார். வயது எண்பதுக்கு மேல். அவருடைய வீட்டு வளவு கம்பிக்கு அந்தப் பக்கம், கிட்டப்போய் நின்றால் அவர் நட்ட மாமரம் தெரியும். உறுதிக் காகிதத்தைப் பொலித்தீனில் சுற்றித் தலையணைக்குக் கீழே வைத்திருக்கிறார். மாம்பழக் காலத்தில் மகனைக் கூட்டிக்கொண்டு கம்பியடிக்குப் போய்க் கொஞ்சநேரம் நின்றுவிட்டு வருவார்.